இரண்டு மெட்டில் ஒரு புலம்பல்

போரில் இடம்பெயர்ந்து கனகராயன்குளத்துக்கு வந்த அடுத்த வருடம், ஒரே கிடுகுக் கொட்டிலை இரண்டு ஊர்ச்சனம் கோயிலாக வைத்திருந்தோம். முல்லைத்தீவுக் கரையிலிருந்து நாங்கள். யாழ்ப்பாணக் கரையிலிருந்து என் கணவரின் ஆட்கள். மீன்பிடிக்கிற சனம், ஆனால் கடல் எட்டாத தூரத்தில். வலை இழுத்த தெம்பையெல்லாம் வாயில்தான் செலவழித்தோம்.

பெரிய வெள்ளிக்கு மாதாவின் புலம்பலைப் பாடுவது இரண்டு ஊருக்கும் வழக்கம். சொற்கள் ஒன்றுதான், மெட்டுத்தான் வேறு. எங்கள் மெட்டை என் அம்மா எடுத்துக் கொடுப்பார், அவர்களுடையதை என் கணவரின் தாய், மாமி. எந்த மெட்டில் பாடுவது என்ற சண்டை தவக்காலம் முழுக்க இழுபட்டது.

கடைசியில் சுவாமியார் தலையிட்டார். ரோமாபுரியில் இசை படித்தவர். அதை நாங்கள் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்பவர்.

"ரெண்டையும் ஒண்டாப் பாடுங்கோ. இதுக்குப் பேர் கவுண்டர்பொயின்ற். ஒண்டுக்கு ஒண்டு அடிமை இல்லை. தன்ர தன்ர வழியில போகும், ஆனா சேர்ந்து கேக்க வடிவா இருக்கும்."

இதைப் படிக்க ரோமாபுரிவரை போயிருக்கத் தேவையில்லை, எங்கள் குசினிக்கு வந்திருக்கலாம். அம்மாவும் மாமியும் அடுப்பின் இரண்டு பக்கமும் இருந்து ஒரே நேரத்தில் கதைப்பார்கள். அம்மா உப்பைப் பற்றி. மாமி, இன்னும் பிள்ளை பெறாத என்னைப் பற்றி. மற்றவர் முடிக்கட்டும் என்று ஒருவரும் நின்றதில்லை. ஆனாலும் அடுத்த நாள் சண்டைக்கு, ஒருவர் சொன்னது ஒரு சொல் தவறாமல் மற்றவரிடம் இருக்கும். வடிவாக இருந்தது என்று மட்டும் நான் சொல்லமாட்டேன்.

எனக்கு வந்த வில்லங்கம் வேறு. நான் எந்தப் பக்கம் நிற்பது?

"அங்க போய் நிண்டியெண்டா நான் புதுக்குடியிருப்புக்கு உன்ர பெரியம்மாவிட்டப் போயிடுவன்" என்றார் அம்மா. சொன்னால் செய்வார். அப்பா செத்தபிறகு அவருக்கு இருந்தது நான் ஒருத்திதான்; போய்விடுவார் என்று உண்மையிலேயே பயந்தேன். மாமி சோற்றுக் கோப்பையைச் சத்தமாக வைத்தார். கணவர் "நடுவில நில்லன்" என்று புத்தி சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

நடுவில்தான் நின்றேன். பெரிய வெள்ளி மத்தியானம் இரண்டு மெட்டும் முட்டி மோதிக்கொண்டு புறப்பட்டன. சுவாமியார் கண்ணை மூடி ரசித்தார். மற்றவர்கள் காதைப் பொத்தாமல் இருந்தது பக்தியினால். நான் வாயை மட்டும் அசைத்தேன்.

மாதா தன் மகனைத் தெருவில் தேடி வரும் அடி வந்தது. மாமியின் கடைசி மகனைப் பற்றி இடப்பெயர்வுக்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. அவருடைய குரல் உடைந்து நின்றுபோனது. அவர் நிற்க, அவருடைய பக்கம் முழுவதும் நின்றது. எங்கள் மெட்டு மட்டும் தனியாகக் கேட்டது. அம்மா வென்றுவிட்டார்.

அம்மாவும் நிறுத்தினார். பிறகு அதே அடியை மாமியின் மெட்டில் எடுத்தார். குரல் பிசிறியது, தாளம் தப்பியது, ஆனால் விடவில்லை. எனக்கு அழுகை வந்தது. அப்போதுதான் வாயைத் திறந்து நானும் கூடப் பாடினேன்.

முடிந்ததும் சுவாமியார் முகத்தைச் சுளித்தார்.

"நடுவில ஒரு மெட்டாக்கிப் போட்டியள். கவுண்டர்பொயின்ற் அதோட போச்சு."

"என்ர மெட்டைக் கெடுத்தது அவாதான் சுவாமி" என்றார் மாமி. அதே நேரத்தில் "நான் எடுக்காட்டி ஆர் எடுக்கிறது?" என்றார் அம்மா. இரண்டு பேரும் நிறுத்தாமல் கதைத்துக்கொண்டே வாசலைத் தாண்டினார்கள். அம்மாவின் சீலைத் தலைப்பு மாமியின் கையில் இருந்தது. முகத்தை அதில்தான் துடைத்துக்கொண்டு போனார்.