பிள்ளைக் கொட்டகையைப் பூட்டவிடாத எங்கள் அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அக்காவை ‘ஆயாம்மா’ என்றே அறிவீர்கள். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அந்தப் பெயரை அவர் எப்படிச் சம்பாதித்தார் என்று சொல்ல வேண்டியது தங்கையாகிய என் கடமை.

அக்கா பிறந்தது பள்ளிவாசல் என்ற மலையூருக்கு மேலே, எங்கள் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றான கீழ் லயத்தில். அப்பாவும் அம்மாவும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி மலையேறி வந்தவர்கள். நாங்கள் சிறுமிகளாக இருந்தபோதே அப்பா காலமானார். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனார். அவர் உழைப்பில்தான் நான் எட்டாவது வரை படித்தேன். அத்தானை மணந்து இரண்டு ஆண்பிள்ளைகளைப் பெற்ற பிறகும் அவர் எங்களைக் கைவிடவில்லை.

ஒரு மழைக்காலத்தில் சரிவில் வழுக்கி விழுந்து அக்காவின் தோள் முறிந்தது. எலும்பு கூடினாலும் கூடை சுமக்கும் வலு திரும்பவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு எஸ்டேட்டில் கிடைப்பது பிள்ளைக் கொட்டகையில் ஆயா வேலை. மலைக்குப் போகும் தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் ஒற்றை அறை அது. கைக்குழந்தைகள் தூளியில் கிடக்கும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் சுவரோரம் வாய்மூடி உட்கார்ந்திருக்கும். மதியம் கஞ்சி, பிறகு தூக்கம். பிள்ளை அடிபடாமல் வீடு திரும்பினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

முதல் நாள் வேலை முடிந்து வந்த அக்கா என்னிடம், “ஏட்டி, அந்தப் பிள்ளைங்க சத்தமே போடல. எனக்குப் பயமா இருக்கு” என்றார்.

அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. இப்படி ஊமையாக உட்கார்ந்து பழகிய பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்குப் போனதும் அழும். உன் பெயர் என்ன என்று வாத்தியார் கேட்டால்கூடப் பதில் சொல்லாது. கொஞ்ச காலத்தில் லயத்துக்கே திரும்பிவிடும். அக்காவின் மூத்த மகனே அப்படித்தான் தடுமாறினான்.

அதை மாற்றியே தீருவது என்று அக்கா முடிவெடுத்தார். தேயிலைக் காய்களைக் கொட்டி, பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம் என்று பிள்ளைகளைப் பிரிக்கச் சொன்னார். அடுப்புக்கரியால் பலகையில் கிறுக்கவிட்டார். சட்டைப் பித்தானைத் தாங்களே போட, கஞ்சியைத் தாங்களே ஊற்றிக் குடிக்கப் பழக்கினார். சிந்தினால் திட்டமாட்டார், துணியை எடுத்துக் கையில் கொடுப்பார். ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்க வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓயாமல் அவர்களைப் பேசவைத்தார்.

தாய்மாருக்கு முதலில் இது பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டு ரோசம்மா தன் மகள் மேரியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கே வந்துவிட்டார்.

“பாருங்க ஆயாம்மா, சட்டையெல்லாம் மண்ணு! யாரு தொவைக்கது?”

“குடு, நான் தொவைச்சுத் தாரேன். இன்னைக்கு மண்ணுல வீடு கட்டுனா உம் மக. அதுல யாரெல்லாம் குடியிருக்காங்கன்னு அவகிட்டயே கேளு.”

ரோசம்மா கேட்டிருக்கிறார். அன்று மாலை முழுவதும் மேரி சொல்லி முடிக்கவில்லையாம். அதன்பிறகு சட்டை அழுக்கைப் பற்றி ரோசம்மா பேசியதே இல்லை.

அடுத்த ஆண்டு காற்றுமழையில் எஸ்டேட்டின் உரக் கிடங்குக் கூரை பறந்தது. உர மூட்டைகளைப் பிள்ளைக் கொட்டகையில் அடுக்கி, கதவைப் பூட்டினார்கள். வெயில் வரும்வரைதான் என்றார்கள். வெயில் வந்தும் மூட்டைகள் நகரவில்லை. சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அந்தந்த வீட்டு மூத்த பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றார்கள். ரோசம்மாவின் மூத்த மகளும் நின்றாள். அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் மேரி அடுப்புக்கட்டையை மிதித்துவிட்டாள். பிஞ்சுப் பாதம் வெந்துபோயிற்று.

அக்கா அன்றிரவு சாப்பிடவில்லை. விடிந்ததும் லயத்துப் பெண்களான எங்களைக் கூப்பிட்டார்.

“பிள்ளைங்கள எங்கிட்ட விட்டுட்டு நீங்க கொழுந்துக்குப் போங்க. ஒருத்தியும் வேலைய நிப்பாட்டக் கூடாது. நான் எனக்குக் குடுத்த வேலையத்தான் பாக்கப் போறேன்.”

எஸ்டேட் ஆபீஸ் வராந்தாவில் சாக்கை விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்தார். தூளியையும் அங்கேயே கட்டினார். பாட்டு, விளையாட்டு, அழுகை, கஞ்சி எல்லாமே அங்கேதான். மேனேஜர் துரை வெளியே வந்தார்.

“எந்தா இது? ஆபீஸ்ல பிள்ளைகளுக்கு என்ன காரியம்?”

“பிள்ளை பாக்குற வேலை குடுத்தீங்க, துரை. இடத்தைப் பூட்டிட்டீங்க. நான் எங்க வச்சுப் பாக்க?”

“அப்ப நீ ஆயா வேலை பார்க்க வேண்டாம். நாளைக்குக் கொழுந்துக்குப் போ.”

தோள் வலியோடு அது முடியாது என்று துரைக்கும் தெரியும். ஆனாலும் அக்கா இடத்தை விட்டு நகரவில்லையாம்.

“போறேன் துரை. இவங்களையும் கூட்டிட்டுத்தான் போவேன். வெந்த காலோட ஒரு பிள்ளை இருக்கு, அதை நான் தூக்கிக்கிடுதேன்.”

துரை மேரியின் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். திரும்பி உள்ளே போனார். மறுநாளும் அக்கா அதே வராந்தாவில் உட்கார்ந்தார், அதற்கு மறுநாளும். பிறகுதான் மூட்டைகள் வெளியேறின. வேலை முடிந்த தாய்மாரும் நானும் ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து, உர நாற்றம் போகும்வரை தரையைக் கழுவினோம். அந்த வாரமே ரோசம்மாவின் மூத்த மகள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினாள். அடுத்த ஜூனில் மேரி ஒன்றாம் வகுப்புக்குப் போனாள். அழவில்லை, வாத்தியாரிடம் தன் பெயரோடு எங்கள் எல்லோருடைய பெயரையும் சொல்லிவிட்டு வந்தாள்.

மார்பில் வந்த கட்டியை அக்கா வெகுநாள் மறைத்துவிட்டார். கோட்டயத்துக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்திருந்தது. படுக்கையிலும் அவர் கவலை ஒன்றுதான். “நான் போற அன்னைக்கும் அந்தக் கதவைத் திறந்து வைங்கட்டி” என்றார்.

கோட்டயத்தில் உடனிருந்து பார்த்த நர்சம்மாவுக்கும், மழையில் ஜீப் ஓட்டிய தம்பிக்கும், சுமந்து சென்று அடக்கம் செய்த லயத்துச் சகோதரர்களுக்கும், அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் துணைநின்ற உற்றார் அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அடக்கத்தன்று மலையே திரண்டு வந்தபோது ரோசம்மாவை மட்டும் காணவில்லை என்று சிலர் குறைபட்டார்கள். அன்று அவர் பிள்ளைக் கொட்டகையில் இருந்தார். கதவைத் திறந்து வைத்து, தூளியை ஆட்டி, பிள்ளைகளோடு பாடிக்கொண்டு, மாலைவரை அங்கேயே இருந்தார். அக்காவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க அவரால் வர முடியவில்லை. எங்கள் முதல் வணக்கம் அவருக்கே.