ஓடையில் நிற்கும் கேன்கள்

ஆஸ்லாக்கின் நிழல் வேலிக்கு இந்தப் பக்கம் விழுந்தாலே குன்வோருக்குப் பற்றிக்கொண்டு வரும். நார்வேயின் வோஸ் மலைச்சரிவில் அவளுக்கு இருந்த ஒரே பக்கத்து வீட்டுக்காரன் அவன். அவன் பண்ணையைத் தாண்டித்தான் ஓடை அவள் பண்ணைக்கு வந்தாக வேண்டும். எதிரியின் வாசல் வழியாக வரும் தண்ணீரை யார்தான் நம்புவார்கள்?

அவள் புருஷன் ஐலிவ் இருந்தவரை அந்தச் சரிவில் பீர் என்றால் ஐலிவின் பீர்தான். கல்யாணமோ சாவோ கிறிஸ்துமஸோ, "ஐலிவ் கை பட்டதா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிண்ணத்தை நீட்டுவார்கள். ஜூனிப்பர் என்ற வாசனைப் புதர்ச்செடியின் கிளைகளைப் போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதை முளைகட்டிய பார்லியில் ஊற்றி, இறங்கும் சாற்றை நாள் முழுக்கக் காய்ச்சுவது குன்வோர். அதைப் பால் கேன்களில் அடைத்து, ஓடையில் நிறுத்தி ஆறவைத்து, ஈஸ்ட் போடுவது ஐலிவ். "ஆறவைக்கிறதுதான் சூட்சுமம், நீ வீட்டுக்குப் போ" என்று அவளை விரட்டிவிடுவான்.

அவன் இருந்த கடைசி வருஷம் அவள் காபி எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினாள். அங்கே ஐலிவைக் காணோம். ஆஸ்லாக் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு கேனுக்குள் கையை விட்டபடி குனிந்திருந்தான். ஆகா, பிடிபட்டான் திருடன்! அந்த வருஷ பீர் தேனாக இருந்ததை மட்டும் அம்மணி வசதியாக மறந்துவிட்டாள்.

ஐலிவ் போன பிறகு அவள் ஓடைப் பக்கமே கேனைக் கொண்டுபோகவில்லை. நிலவறையில் வைத்துப் பூட்டினாள். காய்ச்சிய இரண்டு தடவையும் பீர் புளித்து நாறியது. "பாவி, பூட்டின கதவு வழியாவும் கைய விடுறானே" என்று பல்லைக் கடித்தாள்.

இந்த வருஷம் மகள் ராக்னாவுக்குக் கல்யாணம்.

"கடையில வாங்கிடலாமே அம்மா."

"ஐலிவ் வீட்டுக் கல்யாணத்துல கடைச்சரக்கா? சம்பந்தி வீட்டுக்காரங்க சிரிப்பா சிரிப்பாங்க. அதுக்கு நான் ஓடையில விழுந்து சாவேன்!"

சாற்றைக் காய்ச்சி முடித்து, இருவரும் கேன்களை நிலவறைக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது வேலிமேல் ஆஸ்லாக்கின் தலை தெரிந்தது.

"ஏம்மா, ஓடை வத்திப்போச்சா?"

"ஓடை வத்தல. அதுக்கு மேல இருக்கிறவன் மேல நம்பிக்கைதான் வத்திப்போச்சு."

"உள்ள வெச்சா விடிஞ்சாலும் சூடு இறங்காது. வெதுவெதுன்னு கிடந்தா புளிக்காம என்ன செய்யும்?"

"புளிச்சது உனக்கு எப்படித் தெரியும்?" என்று பாய்ந்தாள்.

"ஊருக்கே தெரியும். நீ பன்னிக்கு ஊத்தினதும் அது மூணு வேலியை முட்டித் தள்ளிட்டு என் வீட்டு வாசல்லதான படுத்துச்சு!"

ராக்னா சிரித்துவிட்டாள். குன்வோர் சிரிக்கவில்லை. "அன்னைக்கு ஐலிவ் இல்லாத நேரம் பாத்துக் கேனுக்குள்ள கைய விட்டியே, என்னத்தய்யா போட்ட?"

ஆஸ்லாக்கின் முகம் சுண்டிப்போயிற்று. "வாக்குக் குடுத்திருக்கேன். விட்டுடு."

"செத்தவனுக்குக் குடுத்த வாக்கு இருக்கட்டும். உயிரோட இருக்கிறவ கேக்குறேன், சொல்லு!"

"ஐலிவ் எங்கயும் போகலம்மா. கொட்டகையில வைக்கோல் மேல தூங்கிட்டிருந்தான். வருஷா வருஷம் அப்படித்தான். பழைய பீரை ருசி பாக்குறேன்னு உக்காருவான், கேன் ஆறுறதுக்குள்ள மட்டையாயிடுவான். கேனைத் திருப்பித் திருப்பி விட்டு, கைய விட்டுச் சூடு பாத்து, ஈஸ்ட் போட்டது நான். 'ஒரு விஷயத்துலயாவது அவ என்னைக் கெட்டிக்காரன்னு நம்புறா, சொல்லிடாதடா'ன்னு அழுதான்."

"பொய்!" என்று கத்த வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். பீர் காய்ச்சும் நாளெல்லாம் சாயங்காலம் ஐலிவின் தலைமுடியில் வைக்கோல் ஒட்டியிருக்கும். ஆட்டுக்குத் தீனி வைத்தேன் என்பான். அவளே சிரித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துவிடுவாள்.

இழுத்துவந்த கேனை ஓடைப் பக்கம் திருப்பி நிறுத்தினாள். பிறகு, "முழங்கை வரைக்கும் ஜூனிப்பர் தண்ணியில கழுவிட்டு வா" என்றாள்.

கேன்கள் ஓடைக்குப் போயின. அவன் திருப்பினான். அவள் இமை கொட்டாமல் அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாறு கறந்த பால் சூட்டுக்கு வந்ததும் அவன் கண் காட்டினான். சாற்றைத் தொட்டியில் ஊற்றி ஈஸ்ட் போட்டார்கள். ஈஸ்ட் விழும்போது பீருக்கு வீரியம் வர வீடே கூச்சல் போட வேண்டும் என்பது வழக்கம். இத்தனை வருஷக் கோபத்தையும் சேர்த்து அவள் போட்ட கூச்சலில் பன்றி எழுந்து ஓடியது.

கல்யாணத்துக்கு முன்னால் ருசி பார்க்கும் நாள். சம்பந்தி குடும்பத்தோடு ஊரே வந்திருந்தது. ஒரு பெரியவர் தொட்டியில் விரலைத் தொட்டு நக்கினார். "அடடா! ஐலிவ் கையேதான்!"

குன்வோர் ஆஸ்லாக்கைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா" என்றாள். "ஐலிவ் கைதான்."

முதல் கிண்ணம், பீரை ஆக்கியவனுக்கே என்பது அங்கே எழுதாத சட்டம். குன்வோர் அதைத் தளும்ப மொண்டு, நேரே நடந்துபோய் ஆஸ்லாக்கிடம் நீட்டினாள்.

"அவனுக்கு எதுக்கு முதல் கிண்ணம்?" என்றார் சம்பந்தி.

"மேல்பண்ணைக்காரன் தண்ணியில என்னத்தக் கலந்தானோ, யாரு கண்டா? முதல்ல அவனே குடிக்கட்டும்!"

ஊரே கொல்லென்று சிரித்தது. ஆஸ்லாக் கிண்ணத்தை வாங்கி ஒரே மூச்சில் கவிழ்க்க, பாதி பீர் அவன் சட்டையில் வழிந்தது.