நாலு இன்ச் ட்ரயல்

கடைத்தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ட்ரயல்காரர் என்றால் போதும், கையை நீட்டித் தையல்கடையைக் காட்டிவிடுவார்கள். முப்பது வருடமாக மெஷின் மிதிக்கிற மனிதர், நூலோட்டி ட்ரயல் போட்டுப் பார்க்காமல் ஒரு சட்டைக்குக்கூட முழுத்தையல் போட்டதில்லை. "நாளைக்குக் கல்யாணம், அப்படியே தெச்சுக் குடுத்துடுங்க" என்று கெஞ்சிய மாப்பிள்ளையைக்கூட, கோட்டுத் துணியைச் சுருட்டிக் கையில் கொடுத்து வாசலைக் காட்டியவர்.

அப்பேர்ப்பட்ட ஆள்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை சேறும் சகதியுமாக வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "ஜீப்ப நாலு இன்ச் ஏத்தப் போறேன்" என்று அறிவித்தார்.

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் பழைய ஜீப் ஒன்றை வாங்கியிருந்தார். அவரும் அவருடைய மனைவியின் தம்பியும் அவன் சிநேகிதர்களுமாக ஆறு ஜீப்புகள் மாதத்துக்கு ஒரு முறை மலைப்பாதையில் ஏறி, ஓடையைத் தாண்டி, அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பும். மற்ற ஐந்தும் உயர்த்திய வண்டிகள், ஆளுயரச் சக்கரங்கள். ட்ரயல்காரருடையது கம்பெனி கொடுத்த உயரத்திலேயே இருந்தது. இத்தனை நாள் அதற்கு ஒரு குறையும் வரவில்லை. போன தடவைதான் ஓடை நடுவில் ஒரு பாறையின்மேல் அடிவயிறு தட்டி, முட்டையில் உட்கார்ந்த கோழி மாதிரி அசையாமல் உட்கார்ந்துவிட்டது. கயிறு கட்டி இழுத்தார்கள். இழுத்தவர்கள் சிரித்தார்கள். மச்சினன் அதை வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவைத்தான். மனிதரின் மானம் கப்பலேறிவிட்டது.

"வண்டி தாழ்வா இருக்கு மாமா, அதான் விஷயம்" என்றான் மச்சினன். "நாலு இன்ச் ஏத்துங்க. அப்புறம் பாருங்க, யானை மேல போற மாதிரி இருக்கும்."

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள்தான் கடையில் பொத்தான் கட்டுவாள், காஜா எடுப்பாள், அவருக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பாள். சேற்றுச் சட்டையை வாங்கி வாளியில் போட்டுவிட்டு, "உங்க வண்டி, உங்க இஷ்டம்" என்றாள். முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவருக்கு அந்த நான்கு வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

மறுநாள் பட்டறைக்குப் போனார். பட்டறைக்காரர் வண்டியைச் சுற்றிவந்து தலையைச் சொறிந்தார்.

"ஏத்துறது ஒண்ணும் பெரிய விஷயமில்லண்ணே. ஸ்பிரிங்க மாத்தணும். ஸ்பிரிங்க மாத்துனா ஷாக் பத்தாது. பிரேக் ஹோஸ் நீளம் பத்தாது. ஸ்டீயரிங்கயும் தொடணும். வளைவுல முன்ன மாதிரி திருப்ப முடியாது, சாயும்."

ட்ரயல்காரருக்கு இது புரிந்தது. சட்டையில் தோளை இறக்கினால் கையை இறக்க வேண்டும், கையை இறக்கினால் அக்குளைத் திருத்த வேண்டும். "அப்ப முதல்ல ட்ரயல் போட்டுப் பாப்போம்" என்றார்.

"ட்ரயலா? வண்டிக்கா?"

"எதுவா இருந்தா என்ன? ஏழு நாள் போட்டுப் பாக்கணும். சரியா இருந்தா வெட்டலாம்."

பட்டறைக்காரர் இருபது வருடத்தில் எத்தனையோ கிறுக்கர்களைப் பார்த்தவர். இவரைப் பட்டியலில் முதலிடத்தில் சேர்த்துக்கொண்டு ஜாக்கி கொண்டுவந்தார். தையல்கடை வாசலில் நான்கு சக்கரத்துக்கும் அடியில் சரியாக நாலு இன்ச் கனமுள்ள மரக்கட்டைகளைக் கொடுத்து ஜீப்பை நிறுத்தினார்கள். டேப்பை வைத்து நான்கு மூலையிலும் அளந்துவிட்டுத்தான் ட்ரயல்காரர் அவரைப் போகவிட்டார்.

முதல் மூன்று நாள் அவருக்குத் தலைகால் புரியவில்லை. வேலைக்கு நடுவே போய் ஸ்டீயரிங் பிடித்து உட்கார்ந்துகொள்வார். எதிர்க்கடைப் பலகைமேல் படிந்திருந்த தூசியெல்லாம் தெரிந்தது. பேன்ட் வாங்க வந்தவர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "வண்டிய என்ன, பொம்மைக் கடைக்கு வித்துட்டீங்களா?" என்று கேட்டார்கள். ஒருவர் இரக்கப்பட்டு, சக்கரம் திருடு போய்விட்டதா என்று விசாரித்தார். சக்கரம் கண்முன்னால் இருந்தது. ஆனாலும் விசாரித்தார்.

நான்காம் நாள்தான் மனைவியைக் கூப்பிட்டார். ட்ரயல் என்றால் போடுகிறவர்கள் எல்லோரும் போட்டுப் பார்க்க வேண்டும், அது தொழில் தர்மம்.

மாதா மாதம் அவரோடு மலைக்குப் போகிறவளுக்கு முட்டிவலி. பழைய உயரத்திலேயே கம்பியைப் பிடித்து, மூச்சைப் பிடித்து, ஒரு "அப்பாடா"வோடுதான் ஏறுவாள். இப்போது காலைத் தூக்கினாள், எட்டவில்லை. மறுகாலைத் தூக்கினாள், அதுவும் எட்டவில்லை. கடைக்குள் போய் முக்காலியை எடுத்துவந்து போட்டு ஏறி உட்கார்ந்தாள். பிறகு கீழே நின்ற முக்காலியைப் பார்த்தாள்.

"இத யாருங்க எடுத்து உள்ள வைப்பா?"

"நான் வைக்கிறேன்."

"ஓடையில இறங்கணும்னா?"

"நான்..." என்று இழுத்தார்.

"பேன்ட்ட மடிச்சுக்கிட்டு, முக்காலியத் தலையில வெச்சுக்கிட்டு தண்ணியில வருவீங்க. என் தம்பி வீடியோ எடுப்பான்." சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவரும் சிரித்தார். இறங்கும்போது அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு, ஏத்திக்கங்க. நான் வீட்டுலயே இருந்துக்கறேன்."

அவள் கோபப்பட்டிருந்தால் அவர் சண்டை போட்டு ஜெயித்திருப்பார். அவள் கோபப்படவில்லை. ஆறாம் நாள் அடுத்த பயணத்துக்கு என்று இப்போதே பை எடுத்துவைத்தாள். எப்போதும் இரண்டு தண்ணீர் பாட்டில் இருக்கும். இந்தத் தடவை ஒன்றுதான் இருந்தது. அந்த ஒன்றை அவர் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். பையை மூடிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஏழாம் நாள் காலையில் பட்டறைக்காரர் வண்டியை எடுத்துப்போக வந்தார், பின்னாலேயே மச்சினனும் வந்தான். கட்டையை எடுப்பதற்கு முன், வண்டி உயரத்தில் நிற்கிறதே என்று ட்ரயல்காரர் குனிந்து அடியில் எட்டிப் பார்த்தார். துணியின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம்.

அடிப்பாகம் சுத்தமாக இருந்தது. வலது பக்கம் ஒரு கீறல் கிடையாது. இடது பக்கம் மட்டும் முன்சக்கரத்தை ஒட்டி ஒரே ஒரு நசுங்கல்.

"இது எப்ப பட்டுச்சு?" என்றார் பட்டறைக்காரர்.

"போன தடவ, ஓடையில."

"மூணு வருஷமா இந்த ஒண்ணுதானா? அந்தப் பாதையிலயா? மத்த அஞ்சு வண்டியும் என்கிட்டதான் வருது, அடியப் பாத்தா அழுகையே வரும். அன்னிக்கு இடது பக்கம் யாரு உக்காந்திருந்தா?"

ட்ரயல்காரர் மெல்ல நிமிர்ந்து மச்சினனைப் பார்த்தார். அன்றைக்கு அவன் வண்டி பட்டறையில் கிடந்தது. "அக்கா ரெஸ்ட் எடுக்கட்டும் மாமா, முட்டி வலிக்குதுல்ல" என்று சொல்லி முன்சீட்டில் ஏறிக்கொண்டவன் அவன்தான்.

"நீ என்னடா பண்ணிக்கிட்டு இருந்த?"

"வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தேன் மாமா" என்றான் மச்சினன். முகத்தில் அசடு வழிந்தது.

மூன்று வருடமாக அந்த இடத்தில் உட்கார்ந்து, பாதி உடம்பை வெளியே நீட்டிச் சக்கரத்தையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்து வந்தவள் அவள்தான். "வலது பக்கம் ரெண்டு இன்ச். நில்லுங்க. இன்னும் முக்கால் இன்ச்" என்பாள். ஜீப்பை முக்கால் இன்ச் திருப்பச் சொல்கிற பெண்பிள்ளை உலகத்திலேயே அவள் ஒருத்திதான், திருப்புகிறவரும் இவர் ஒருவர்தான். மற்ற ஜீப்காரர்கள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே பாறையில் முட்டுவார்கள். இத்தனை நாள் தன்னுடைய சாமர்த்தியம் என்று நினைத்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"கட்டைய எடுத்துடுங்க. ஏத்த வேணாம்" என்றார்.

"மாமா, எல்லாரும் சிரிப்பாங்க!"

"சிரிக்கட்டும். நீ பின்னாடி சீட்டுல உக்காந்து அதையும் வீடியோ எடு."

அன்று மத்தியானம் டேப்போடு மனைவி முன்னால் போய் நின்றார். "கால வலிக்காம எவ்வளவு தூக்க முடியும்? தூக்கிக் காட்டு."

"எதுக்கு?"

"அளவெடுக்க வேணாமா?"

பத்து இன்ச். அதற்குமேல் முகம் சுளித்தாள். நோட்டில் எழுதிக்கொண்டார். இரண்டு நாளில் பட்டறைக்காரர் இடது பக்கம் ஒரு மடக்குப் படி வைத்துக் கொடுத்தார், ஏறியதும் மேலே தூக்கி மாட்டிக்கொள்ளலாம். பிடித்துக்கொள்ளக் கெட்டியான கேன்வாஸில் ஒரு வார், அதை அவரே இரட்டைத் தையல் போட்டுத் தைத்துக் கம்பியில் மாட்டினார்.

கிளம்புகிற அன்று காலை, அவள் பார்க்கும்படியாகவே இரண்டாவது பாட்டிலைப் பையில் வைத்தார்.

"எதுக்குங்க ரெண்டு?"

"நீ இல்லாம எனக்கு அந்த ஓடையத் தாண்டத் தெரியாது" என்றார். முப்பது வருடத்தில் இப்படி ஒரு வார்த்தையை அவர் சொன்னதில்லை. அதனால் உடனே திரும்பிக்கொண்டு, சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அவள் வாரைப் பிடித்தாள், படியில் கால் வைத்தாள், ஏறினாள். "அப்பாடா" வரவில்லை. உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வெளியே தலையை நீட்டிப் படியையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்ன?" என்றார் பயத்தோடு.

"அரை இன்ச் உசரமா இருக்குங்க."

ட்ரயல்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காதிலிருந்த பென்சிலை எடுத்து நோட்டைத் திறந்தார்.

"இது ட்ரயல்தான். இறக்கிடலாம்" என்றார்.