நல்ல தண்ணி

நோர்வேயின் வடக்குக் கரையில் நான் வேலை செய்யும் மீன் தொழிற்சாலையில், சப்பாத்துக் கழுவுகிற அதே குழாயில் கையை ஏந்தித் தண்ணீர் குடிக்கிறார்கள். ஐந்து வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. குடிக்க ஒரு கிணறு, குளிக்க ஒரு கிணறு என்று வளர்ந்தவன் நான். இங்கே எல்லாத் தண்ணீருக்கும் ஒரே பெயர்தான், ‘வன்’.

போன மாதம் தொழிற்சாலைத் தாதி ஆஸ்த்ரி ஒரு கடதாசியோடு வந்தார். குளிரில் மீன் வெட்டுகிறவர்களின் கை விறைப்பதைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நிறுவனம் கண்டறிந்த விஷயங்கள். தமிழ்த் தொழிலாளருக்காக அதை ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார். முதலில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டி, என்ன விளங்கியது என்று கேட்ட பிறகே தருவேன் என்றேன்.

“உனக்குத் தமிழ் தெரியும்தானே?”

“தெரியும். அதுதான் பயம்.”

நொஷ்க் மொழி பேசப் பயப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார் பாவம். “நன்றாகத்தான் பேசுகிறாய்” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

எண்பதுகளின் பிற்பகுதியில், நான் ஊரில் இருந்தபோது, ஆராய்ச்சியாளர்கள் யாழ்ப்பாணத்து வலிகாமக் கிணறுகளைச் சோதித்தார்கள். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் அள்ளிக் கொட்டிய யூரியா செம்மண்ணுக்குள்ளால் இறங்கித் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்றாகச் சேர்ந்திருந்தது. அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கூடாது. கொதிக்க வைத்தாலும் நஞ்சு போகாது. சைக்கிளில் வீடு வீடாகப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்க்கும் மருத்துவமாதுக்களுக்கு இதைத் தமிழில் எழுதிக் கொடுப்பது சுகாதார அலுவலகத்தில் என் வேலை. அறிக்கையில் ‘சேஃப் வாட்டர்’ என்றிருந்ததை ‘நல்ல தண்ணீர்’ என்று எழுதினேன். ஒரு பக்கத்துக்குள் அடக்க வேண்டுமென்று தோட்டக் கிணறு பற்றிய வரியை வெட்டியதும் நான்தான். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: சில கிணறுகளின் நீர் குழந்தைக்கு ஆபத்து, நல்ல தண்ணீரில் மட்டும் பால் கரைக்கவும்.

யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் நல்ல தண்ணி என்றால் உவரில்லாத தண்ணி. எனக்கும் அப்படித்தான். ஆனால் கந்தோர் மேசையில் இருந்தவுடன் என் வாயிலிருந்த தமிழ் எனக்கே மறந்துபோனது.

கோப்பாயின் மருத்துவமாது இராசமலர் அக்கா என் எழுத்தை அப்படியே நம்பினார். வீட்டுக் கிணற்றின் சற்று உவர்த் தண்ணீரைப் பாவித்துவந்த ஒரு தாயிடம், தோட்டக் கிணற்றில் நல்ல தண்ணி அள்ளும்படி சொன்னார். அந்தப் பெண்ணும் தினமும் குடத்தோடு நடந்தாள். மூன்றாம் கிழமை குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. பெரியாஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்து பிழைத்தான்.

விசாரணைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள்.

“தோட்டக் கிணத்திலை அள்ளச் சொன்னது ஆர்?” என்று பெரிய டொக்டர் கேட்டார்.

“நான்தான் சொன்னனான், ஐயா.” அக்கா என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீங்கள் எழுதினதிலை நல்ல தண்ணி எண்டுதானே கிடந்தது?”

“நல்ல தண்ணி எண்டால் பாதுகாப்பான தண்ணியக்கா. நீங்கள் பிழையாய் விளங்கியிட்டியள்.”

அச்சுவேலியில் பிறந்த நான், கோப்பாயில் பிறந்த அவருக்கு, நல்ல தண்ணிக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்தேன். அவர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுக் கையிலிருந்த குடையை மடித்தார்.

அதற்குப் பிறகு கோப்பாயில் பல வீடுகள் அவருக்குப் படலை திறக்கவில்லை. நானோ தோட்டக் கிணற்று வரியைத் தடித்த எழுத்தில் சேர்த்துப் புதுப் பிரசுரம் அச்சடித்தேன். கூட்டத்தில் என்னைப் பாராட்டினார்கள், நானும் சிரித்துக்கொண்டு இருந்தேன். உண்மையைச் சொல்ல ஒரு வருடம் இருந்தது. சொல்லாமலே விமானம் ஏறினேன். வெட்கமாக இருக்கிறது.

ஊரில் இதை வாசிக்கிறவர்கள் அக்காவைத் தெரிந்தால் சொல்லுங்கள்: பிழை அவருடையதல்ல, என்னுடையது. படலையைச் சாத்தியவர்களுக்கும் சொல்லுங்கள்.

நேற்றுத் தேநீர் நேரத்தில், என்னோடு மீன் வெட்டும் புத்தூர்த் தேவன், சண்டை முடிந்து ஊர் போகும் நாளைப் பற்றிக் கதைத்தான். மீன் பெட்டி மட்டையொன்றில் என் வீட்டுக்குப் போகும் வழியைக் கீறச் சொன்னான். யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் தொடங்கி, உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் என்று வளைத்து அச்சுவேலிக்குக் கொண்டுபோனேன்.

“உதென்ன சுத்து, அண்ணை? கோப்பாயாலை போனால் நேரை வீடெல்லோ?”

“ஓம்” என்றேன். “தெரியும்.”