இரண்டாவது அடுப்பு

அவளை எல்லோரும் அடிச்சட்டி என்றுதான் கூப்பிடுவோம். வீட்டில் அத்தனை பேருக்கும் கஞ்சி ஊற்றிவிட்டு, சட்டியின் அடியில் ஒட்டியதைச் சுரண்டித் தின்பவள். எனக்குப் பக்கத்துக் காட்டுக்காரி. அவள், புருஷன், இரண்டு பிள்ளைகள். கொழுந்தன், அவன் பெண்டாட்டியான ஓரகத்தி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள். ஒன்பது பேருக்கும் ஒரே நிலம், ஒரே அடுப்பு.

அறுத்த மக்காச்சோளத்தைச் சாக்கில் கட்டி வைத்தால் பாதியை வண்டு தின்றுவிடும். அடுத்த அறுப்புக்கு முந்தின இரண்டு மாதம் எல்லோருமே வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு கிடப்போம். அப்போதும் ஓரகத்தியின் கடைக்குட்டிக்கு ஊற்றிவிட்டுத்தான் தன் பிள்ளைகளைக் கூப்பிடுவாள். பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. சோளத்தை வண்டு அண்டாமல் போட்டு வைக்க, காற்றுப் புகாத மூடி போட்ட தகர டிரம், குடும்பத்துக்கு ஒன்று, இனாம். ஒரே அடுப்பில் ஆக்கித் தின்றால் அது ஒரே குடும்பம் என்பது அவர்கள் கணக்கு. ஒன்பது வாய்க்கு ஒரு டிரம் எந்த மூலைக்கு? அடிச்சட்டிதான் யோசனை சொன்னாள்.

"இன்னொரு அடுப்பு போட்டு, நடுவுல ஒரு பாயைத் தொங்கவிடுவோம். டிரம் வந்ததும் பாயைச் சுருட்டிடலாம்."

நிறுவனத்திலிருந்து விசாரிக்க ஒரு பெண் வந்தாள். "உங்க குடும்பத்துல எத்தனை பேரும்மா?"

"ஒம்போது," என்றாள் அடிச்சட்டி. ஓரகத்தி அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள்.

"நாலு. நாலு பேரு," என்று அடிச்சட்டி அசடு வழிந்தாள்.

வந்தவள் புது அடுப்பைக் குனிந்து பார்த்தாள். பொட்டுக் கரி இல்லை. "மாசாமாசம் வந்து பார்ப்போம்," என்று சொல்லிவிட்டுப் போனாள். வேறு வழியில்லாமல் நிஜமாகவே தனித்தனியாக ஆக்க வேண்டியதாயிற்று.

முதலில் பாய்க்கு அடியில் கிண்ணங்கள் போய்வந்தன. பிறகு, அந்தப் பக்கம் என்ன வேகிறது என்று இந்தப் பக்கம் மோப்பம் பிடித்தார்கள். எட்டிப் பார்த்த பிள்ளைகளுக்கு முதுகில் விழுந்தது. டிரம்கள் வந்தன, விளைச்சலும் இரண்டாகப் பிரிந்தது. பாயை யாரும் சுருட்டவில்லை. எலி வருகிறது என்று சொல்லி ஓரகத்தி அந்த இடத்தில் செங்கல் சுவரே வைத்துவிட்டாள்.

டிரம்மைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். எனக்கும் ஒன்று கிடைத்தது. அந்த வருஷம் அறுப்பு வரைக்கும் எந்த வீட்டிலும் அடுப்பு அணையவில்லை.

மறுவருஷம் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சோளம் காயவில்லை. அதற்குள் நிறுவனத்திலிருந்து படம் எடுக்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். "காலி டிரம் பக்கத்துல நின்னு பல்லைக் காட்டச் சொல்றியா?" என்று புருஷன் கத்த, அடிச்சட்டி ஈரச் சோளத்தையே கொட்டி மூடினாள். படம் முடிந்ததும் எடுத்துக் காயவைக்க நினைத்திருந்தாள். மழை விடவில்லை. கடைசியில் திறந்தபோது எல்லாம் பூசணம் பிடித்துக் கட்டிகட்டியாகக் கிடந்தது. ஆடுகூட முகர்ந்துவிட்டு நகர்ந்துகொண்டது.

அவள் பாத்திரத்தோடு சுவருக்கு அந்தப் பக்கம் போனபோது நானும் கூடப் போனேன். ஓரகத்தி டிரம்மைத் திறந்து, போன வருஷம் மிச்சம் பிடித்திருந்த காய்ந்த சோளத்தைப் படியில் அள்ளினாள். கோபுரமாகத்தான் வந்தது. உள்ளங்கையால் வழித்து, தலைதட்டி, மீதியை டிரம்முக்குள்ளேயே தள்ளினாள்.

"எங்களுக்கும் அஞ்சு வாய் இருக்குல்லக்கா."

அடிச்சட்டி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். "அவளை நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டா உனக்கு என்ன?"

"அவ புள்ளைங்களும் சாப்பிடணும்ல," என்றாள்.

என்னிடமிருந்து அரைச் சாக்கு கொண்டுபோய்ப் போட்டேன், வாங்கிக்கொண்டாள். ஆனால் அவள் அழுதது தலைதட்டின அந்த ஒரு படிக்காகத்தான்.

அடுத்த அறுப்பு முடிந்ததும், கணக்கெடுக்க அதே பெண் மறுபடியும் வந்தாள். இரண்டு அடுப்பிலும் கரி அப்பியிருந்தது. அவளுக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"உங்க குடும்பத்துல எத்தனை பேரும்மா?"

இந்தத் தடவை யாரும் கிள்ளவில்லை. அடிச்சட்டி அடுப்பை ஊதிக்கொண்டே, "நாலு பேரு," என்றாள்.