குர்மீத் ஆன்ரி பெல்ட்டை விட்டு வந்த நாள்

அம்மாவின் கைகள் மாலையில் வெண்ணெய் மணக்கும். லண்டனில் சவுத்தாலுக்குப் பக்கத்தில் விமானப் பயணிகளுக்குச் சாப்பாடு கட்டும் தொழிற்சாலை ஒன்றில், ஓடிக்கொண்டேயிருக்கும் "பெல்ட்"டின் ஓரம் நின்று தட்டுக்கு ஒன்றாகச் சின்ன வெண்ணெய்ப் பெட்டிகளை வைப்பது அவருடைய வேலை. அப்பா பாரிசில் விசாவுக்காகக் காத்திருந்தார்; எனக்கு ஒன்பது வயது; அறை வாடகையும் சாப்பாடும் அந்த ஒரு சம்பளத்தில்தான் ஓடின.

பெல்ட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் குர்மீத் ஆன்ரி. ஜலந்தர் பக்கத்துச் சீக்கியப் பெண்மணி. சல்வாருக்கு மேல் கணவரின் பெரிய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார். அந்தக் கணவர் தலைப்பாகையோடு பேருந்து ஓட்டினார். எங்கள் தெருவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு கவுன்சில் படிவம் நிரப்பிக் கொடுத்தவரும், எங்களுக்கு முதல் அறையை வாடகைக்குத் தந்தவரும் சீக்கியர்களே. எங்களுக்கு முன்னரே வந்து எல்லாம் பட்டுத் தெரிந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்து அம்மாவை ஆன்ரி, மதராஸ்காரி என்ற பொருளில், "மதராசன்" என்று கூப்பிடுவார். அம்மா அதைத் திருத்தவில்லை.

ஒக்டோபர் மாதத்தில் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் எனக்கு மூச்சு இழுத்தது. தொழிற்சாலைக்குத் தொலைபேசி அழைப்பு வந்ததும் ஆன்ரி, "நீ போ, மேலாளரிடம் நான் சொல்கிறேன்" என்று அம்மாவை அனுப்பிவிட்டார். மறுநாள் என்னைத் தனியே விட மனமில்லாமல் அம்மா வேலைக்குக் கூட்டிப்போனார். வாசலிலேயே மேலாளர் மறித்து, ஷிப்ட் முடியும் முன்பு போனவருக்கு இனி வேலை இல்லை என்றார். அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

உள்ளேயிருந்து அதைப் பார்த்த ஆன்ரி, தலைமுடி வலையையும் ஏப்ரனையும் கழற்றிப் பெல்ட்டின்மேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். "போகச் சொன்னது நான். இவளை நிறுத்துவதென்றால் என்னையும் நிறுத்துங்கள்" என்றார், குரலை உயர்த்தாமல். அவருக்குப் பின்னால் பஞ்சாபிப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், பிறகு கோவாக்காரிகள், கடைசியாக, பயந்து பயந்து, எங்கள் ஆட்கள் நான்கு பேர். மூன்று நாள் கார்த் தரிப்பிடத்தில் நின்றோம். மத்தியானமானதும் குருத்வாராவிலிருந்து ஒரு வான் வண்டி வரும். தலைப்பாகை கட்டிய பெரியவர்கள் யார் எவர் என்று கேட்காமல் எல்லாருக்கும் பருப்பும் ரொட்டியும் கொடுப்பார்கள். எங்களை மறிக்க மேலாளர் வாசலில் நிறுத்தியிருந்த காவலாளிக்கும் கொடுத்தார்கள்.

நான்காம் நாள் அம்மாவை மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் ஆன்ரியின் பொறுப்பைப் பறித்து, தட்டுக் கழுவும் ஈர அறைக்கு மாற்றிவிட்டார்கள். அதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. வேறு ஷிப்டுக்குப் போய்விட்டார் என்றே அம்மா நினைத்திருந்தார். மூன்று கிழமை கழித்து அவரை அங்கே தற்செயலாகக் கண்ட அம்மா, அழுதுகொண்டு போய்த் தான் வேலையை விடுவதாகச் சொன்னார். ஆன்ரிக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ போய்விட்டால் நான் எதற்காக வெளியே நின்றேன்?"

அம்மா போகவில்லை. இரண்டு வருடத்தில் அந்தப் பெண்கள் ஆன்ரியையே தொழிற்சங்கப் பிரதிநிதியாகத் தெரிந்தெடுத்தார்கள். பிள்ளைக்குச் சுகமில்லையென்றால் தாய் போகலாம் என்று அவர் எழுதி வாங்கிய விதி, உணவறைச் சுவரில் நெடுங்காலம் ஒட்டியிருந்தது. அவரும் பெல்ட்டுக்கே திரும்பினார்.

இன்று அந்த இடத்தில் மாடிக் குடியிருப்புகள். வான் வண்டியில் ரொட்டி கொண்டுவந்த பெரியவர்கள் ஒருவரும் இல்லை. ஆன்ரி பக்கத்து ஊரான ஹேய்ஸில் மகளோடு இருக்கிறார். அவரும் அம்மாவும் முன்பு பேசிய அரைகுறை ஆங்கிலம் வயதோடு இருவருக்கும் மறந்துபோயிற்று. போன மாதம் அம்மாவை அங்கே கூட்டிப்போனபோது, அவர் பஞ்சாபியிலும் இவர் தமிழிலுமாக ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன்: "ஆன்ரி என்ன சொன்னவ?"

"முழங்கால் நோகுதாம். படி ஏற ஏலாதாம். மகளுக்குச் சொல்லேல்லையாம்."

"உங்களுக்கு என்னெண்டு அம்மா விளங்கினது?"

அம்மா என்னை வினோதமாகப் பார்த்தார். "எத்தினை வருசம் பக்கத்திலை நிண்டனாங்கள்" என்றார்.