தம்பிக்கு நான் போட்ட பி.காம்.

அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. மற்றவர்கள் மேல் கொஞ்சம், என் மேல் நிறைய.

தொண்ணூற்றெட்டில் நானும் தம்பியும் எடிசன் என்கிற ஊரில் ஒரே அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸில் இருந்தோம். நான் சாஃப்ட்வேர், அவன் பைலட். ஈரோட்டில் இன்ஜினியரிங்கை இரண்டாவது வருஷமே தூக்கிப் போட்டுவிட்டு, டெக்சாஸில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டவன். பத்தொன்பது பேர் உட்காரும் குட்டி விமானம். பனியோ மழையோ, ஒரு நாளைக்கு ஆறு தடவை ஏற்றி இறக்குவான். பெரிய ஜெட்டுக்குப் போகவேண்டும் என்பது ஒன்றுதான் அவன் ஆசை. பெரிய ஏர்லைன்களோ ஃபாரத்திலேயே கேட்டார்கள்: நாலு வருஷ டிகிரி உண்டா?

என்ன டிகிரி என்றால், எதுவாயிருந்தாலும் சரியாம்! தம்பி பக்கத்தில் உட்கார்ந்து அவனிடமே வேலை கற்றுக்கொண்ட ஒருத்தன், காலேஜில் டிரம்பெட் வாசித்துப் பட்டம் வாங்கியவன். அவனைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். எஞ்சின் நின்றுபோனால் டிரம்பெட் வாசித்தா இறக்குவான்? கருமம்.

நம் ஜனங்கள் அதற்கும் மேல். ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்தில் புளியோதரையைத் தட்டில் போட்டுக்கொண்டே ஓர் ஆன்ட்டி, "டிகிரி இல்லாமயா ஃப்ளைட் ஓட்ட விடறாங்க? நல்லவேளை, நாங்க அதுல ஏறுறதில்ல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஹாலில் பாதிப் பேரின் ரெஸ்யூமே பொய். எங்களை மாதிரி சாஃப்ட்வேர்க்காரர்களைக் கூட்டிவந்த கன்சல்டன்சிக்காரர், இல்லாத கம்பெனியில் மூன்று வருஷம் வேலை பார்த்ததாக ஆளுக்கு ஒன்று எழுதிக் கொடுத்திருந்தார். எனக்கும்தான். வெட்கங்கெட்ட கூட்டம், அதில் நானும் ஒருத்தன்.

எங்கள் வீட்டில் ஃபாரம் எதுவானாலும் மூத்தவன்தான் நிரப்பவேண்டும். ரேஷன் கார்டிலிருந்து கிரீன் கார்டு வரை நான் விரல் வைத்த இடத்தில் தம்பி கையெழுத்துப் போடுவான், படித்துக்கூடப் பார்க்கமாட்டான். ஏர்லைன் ஃபாரமும் என்னிடமே வந்தது. "டிகிரி இல்லேன்னே போட்டுடுண்ணா. கூப்பிட்டா கூப்பிடட்டும், இல்லேன்னா பார்த்துக்கலாம்" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினான். நான் பி.காம். என்று எழுதினேன். கீழே நான் படித்த காலேஜின் பெயர். பழகின கைதானே.

இன்டர்வியூவுக்குக் கடிதம் வந்தது. ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான். "டிகிரி இல்லேன்னு தெரிஞ்சும் கூப்பிட்டிருக்காங்கண்ணா!" அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். ஒரு வாரம் அந்தச் சந்தோஷத்தோடு அவனைத் திரியவிட்டேன். அடுத்த கடிதத்தில், காலேஜ் மார்க் ஷீட்டை சீல் வைத்த உறையில் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

வேலை முடிந்து யூனிஃபாரத்தோடு, கடிதமும் கையுமாக என் வீட்டுக்கு வந்து நின்றான். நடந்ததைச் சொன்னேன். சொன்னதோடு விட்டேனா? "நம்ம கன்சல்டன்சிக்காரர்கிட்ட கேட்டா மார்க் ஷீட்டும் அடிச்சுத் தருவார்டா" என்றேன். சீ, என்ன ஜன்மம் நான்!

அவன் என் வீட்டு போனிலிருந்தே ஏர்லைனைக் கூப்பிட்டான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், ஃபாரத்தில் இருக்கும் டிகிரி பொய் என்று மட்டும் சொன்னான். இனிமேல் அப்ளை பண்ணவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்கள்.

அவன் கிளம்பிவிடுவான் என்று நினைத்தேன். நான் எடுத்து வைத்திருந்த ஃபாரத்தின் ஜெராக்ஸைக் கேட்டு வாங்கினான். பையிலிருந்து, தான் பறந்த மணிக்கணக்கு எழுதும் நோட்டை எடுத்து மேஜையில் விரித்தான்.

"ஹவர்ஸும் ஏத்திப் போட்டியாண்ணா?"

"இல்லடா. சத்தியமா நீ நோட்டுல எழுதினது எழுதினபடிதான்."

"சரிண்ணா" என்றான். பேனாவைத் திறந்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகக் கூட்டிச் சரிபார்க்க ஆரம்பித்தான்.